கத்திக்கொண்டே மூடும் கதவு

வாசல் கதவின் பூட்டு மூன்றாவது முறையாகச் செத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதுகை நீட்டிப் படுக்க வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். அதையும் பூட்டு தின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பூட்டைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பரப்பிவிட்டு, அவள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருளைப் பிரித்தால், ஏன் கெட்டது என்று அந்தப் பொருளே சொல்லிவிடும் என்பது அவள் அனுபவம். இந்தப் பூட்டு மட்டும் சொல்ல மறுத்தது.

பூட்டு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சாவியைத் திருப்பினால் உள்ளே நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு சுற்றும். அது பூட்டின் நாக்கைத் தள்ளும். நாக்கு கதவுச் சட்டத்தில் இருக்கிற பொந்துக்குள் போய் உட்காரும். அவ்வளவுதான். அந்தப் பித்தளைத் துண்டுதான் தேய்ந்து, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. செய்தித்தாள் முழுக்க மஞ்சள் தூள்.

அட்டைப்பெட்டியில் ஐம்பதாயிரம் தடவை தாங்கும் என்று போட்டிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர், அவளும் தம்பியும். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் நாளைக்கு எட்டு தடவை. அப்படியானால் பதினேழு வருடம் வரவேண்டும். வந்தது எட்டு மாதம். ஐம்பதாயிரத்தை எட்டு மாதத்தின் நாட்களால் வகுத்துப் பார்த்தாள். நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் வந்தது. பேயா வந்து பூட்டிவிட்டுப் போகிறது?

தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். முப்பத்து நான்கு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை.

"என்னக்கா, ஆபரேஷனா?"

"போஸ்ட்மார்ட்டம். ஆள் போய்ச் சேர்ந்தாச்சு."

அவன் சிரிக்கவில்லை. தேய்ந்த துண்டைப் பார்த்தான், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னைக்கே புதுசு போட்டுடு. ராத்திரிக்குள்ள," என்றான்.

புதுப் பூட்டைப் போட்டாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். லிஃப்ட்டுகளில் பயணம் எண்ணும் கருவி ஒன்று உண்டு. லிஃப்ட் எத்தனை தடவை ஓடியது என்று பார்த்துத்தான் எப்போது எண்ணெய் போடுவது, எப்போது கயிற்றை மாற்றுவது என்று முடிவு செய்வார்கள். பழுதான பலகையிலிருந்து கழற்றிய அப்படி ஒரு கருவி அவள் பெட்டியில் கிடந்தது. அதைக் கதவுச் சட்டத்துக்குள், நாக்கு வந்து உட்காரும் பொந்துக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். நாக்கு உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு எண் கூடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் அவள்தான் முதலில் வீடு திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திருகைக் கழற்றிப் பார்த்தாள். இருநூற்று ஆறு.

காலையில் ஆறு மணிக்கே அவள் கிளம்பிவிடுவாள். ஒன்பதரைக்குக் கடையில் இருக்கத் தம்பி ஒன்பதுக்குக் கிளம்பவேண்டும். இடையில் மூன்று மணி நேரம், வீட்டில் அவன் மட்டும்.

மறுநாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவதாக வேலையிடத்தில் சொல்லிவிட்டு, கிளம்புவதுபோல் கிளம்பி, மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டின் திருப்பத்தில் போய் உட்கார்ந்தாள். தன் வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று முழங்கால் கேட்டது. கையும் களவுமாகப் பிடித்து, "டேய் வாட்ச்மேன்!" என்று கத்திச் சிரிக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவன் ஜாக்கிரதைப் பேர்வழி என்பதால் அவள் வைத்த பட்டப்பெயர் அது.

ஏழு மணிக்கு அவன் வெளியே வந்தான். பூட்டினான். கைப்பிடியை நான்கு முறை இழுத்தான். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான், கடையில் கண்ணாடிச் சில்லைப் பார்ப்பதுபோல. நான்கு படி இறங்கினான். நின்றான். திரும்பி ஏறினான். பூட்டைத் திறந்தான், மறுபடி பூட்டினான். நான்கு இழுப்பு, ஒரு பார்வை, நான்கு படி. மறுபடி ஏறினான். கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. கடையில் வெட்டிக்கொண்டேன் என்று அவன் சொன்னது அந்த விரலைத்தான். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தன. நாற்பது நிமிடம் கழித்து, படியில் உட்கார்ந்து முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தாள். அழவில்லை. எழுந்து மறுபடி கதவுக்குப் போனான்.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"டேய்," என்றாள், மெதுவாகத்தான். அப்படியும் சாவி அவன் கையிலிருந்து விழுந்தது.

"நீ வேலைக்குப் போகலையா?"

"நீ போகலையே. அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பூட்டு சரியில்லக்கா."

"பூட்டு முந்தாநேத்துதான் போட்டது. சட்டத்துக்குள்ள ஒரு எண்ணி வச்சிருந்தேன். திங்கக்கிழமை மட்டும் இருநூத்தி ஆறு."

அவன் காது சிவந்தது. "என்னை எண்ணினியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் செய்தது வேவு என்று. "தப்புதான். உன்கிட்ட கேட்டிருக்கணும். பூட்டுன்னு நெனச்சுத்தான் வச்சேன்," என்றாள். இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பூட்டினது உனக்குத் தெரியுதா, தெரியலையா?"

"தெரியுது. கண்ணால பாக்கறேன். கை சொல்லுது. ஆனா உள்ளுக்குள்ள 'முடிஞ்சுது'ன்னு ஒண்ணு வரணும் பாரு, அது வர மாட்டேங்குது. அது வர்ற வரைக்கும் போக முடியல."

"பூட்டலைன்னா என்ன ஆயிடும்? நம்ம வீட்ல திருட என்ன இருக்கு? என் ஸ்பானரா?"

அவன் கீழே கிடந்த சாவியை எடுத்தான். "சாயங்காலம் நீதானே முதல்ல வர்ற. தனியா. எவனாவது உள்ள புகுந்து காத்துக்கிட்டு இருந்தா? நான் ஒரு தடவை சரியாப் பூட்டாததால உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." முடிக்கவில்லை.

இத்தனை நாளும் அவன் தேய்த்த பித்தளை எல்லாம் அவளுக்காகத் தேய்த்தது.

இதற்குப் பிறகு அவள் செய்ததுதான் தவறு. ஆனால் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வேறு எதைச் செய்வாள்? லிஃப்ட் வேலையில் சந்தேகத்துக்கு ஒரே மருந்து, இன்னொரு பாதுகாப்பு. கயிறு அறுந்தால் தாங்க ஒரு பிடிப்பான். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுவிட்ச். சுவிட்சைப் பார்க்க ஒரு விளக்கு. ஆகவே கதவுக்கு மேல் ஒரு பச்சை விளக்கு வைத்தாள். நாக்கு முழுதாக உட்கார்ந்தால் மட்டும் எரியும். "இதோ, சட்டப்படி பூட்டியாச்சு. விளக்கு எரிஞ்சா கிளம்பு. அப்பவும் சந்தேகம்னா எனக்கு போன் பண்ணு, நான் சொல்றேன்."

மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நான்காவது நாள், விளக்கே பொய் சொன்னால் என்ன செய்வது என்று அவனுக்குத் தோன்றியது. விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்கப் பூட்டைத் திறந்து மூட ஆரம்பித்தான். பூட்டுக்கு ஒரு சோதனை, விளக்குக்கு ஒரு சோதனை என்று வேலை இரட்டிப்பானது. பிறகு போன்.

"அக்கா, பூட்டினேனா?"

"பூட்டின."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பாக்கலையே."

"நீ பூட்டாம போனதே இல்லடா."

"இன்னைக்கு முதல் தடவையா இருந்தா?"

ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு பத்தானது, பத்து நாற்பதானது. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். அன்பாகச் சொன்னாள், அலுத்துச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் போன் மணி அடித்தது. அவனும் களைத்துப்போனான். கடைக்குப் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் போய்ச் சேர்ந்தான். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. "இந்த மாசம் முடியறதுக்குள்ள நேரத்துக்கு வரப் பழகிக்கோ. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். உன் கை மாதிரிக் கை கிடைக்காதுதான். ஆனா கை கடைக்கு வரணுமே," என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் அவளும் கூட்டாளியும் நின்றிருந்தார்கள். நெட்டையாக, இடம் போதாமல் ஒற்றைக் காலில் நிற்பவன் என்பதால் அவனுக்குக் கொக்கு என்று பெயர். பெட்டியை நகர்த்துமுன் "மேலே போறேன்" என்று உரக்கச் சொல்லவேண்டும். மற்றவர் "சரி" என்ற பிறகுதான் பொத்தானை அழுத்தவேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அதில் அவள் தவறியதில்லை. அன்று போன் அடித்தது. "பூட்டியிருக்குடா, பூட்டியிருக்கு," என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். கொக்கின் கை அப்போது பெட்டி ஏறி இறங்குகிற சுவரோரத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டான். கையுறை மட்டும் மாட்டிக் கிழிந்தது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு கொக்கு சொன்னான்: "தாயே, எனக்கு இருக்கறது ரெண்டே கை. ஒண்ணைக் குடுக்கறதுன்னா முன்கூட்டியே சொல்லிடு, வீட்ல கேட்டுட்டு வர்றேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கிழிந்த கையுறையைத் திரும்பப் போடவில்லை.

அன்று மத்தியானமே, அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த மனநல மருத்துவரைப் பார்க்கத் தம்பி பெயரில் சீட்டு வாங்கினாள்.

மருத்துவர் அவளைவிட இளையவள். முதலில் தம்பியிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு, அவன் சம்மதத்தோடு, அக்காவையும் உள்ளே கூப்பிட்டாள். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர், ஓ.சி.டி. என்பார்கள் என்றாள். சுத்தம் பார்ப்பதோ, ஒழுங்கு பிடிப்பதோ, சுபாவமோ அல்ல. வேண்டாத எண்ணம் ஒன்று பயத்தோடு வந்து நிற்கும், அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் என்றாள். மாத்திரையும் கொடுத்தாள்.

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'பூட்டியிருக்கு'ன்னு சொல்றீங்க?"

"நாப்பது. அதுக்கு மேலயும் இருக்கும்."

"எத்தனாவது தடவை இவருக்கு நிம்மதி வந்துது?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "ஒவ்வொரு தடவையும் வரும். ஒரு நிமிஷம்," என்றான்.

"அந்த ஒரு நிமிஷம்தான் இதுக்குச் சாப்பாடு," என்றாள் மருத்துவர். "கதவுல பத்து தடவை பாக்கறதும், உங்ககிட்ட பத்து தடவை கேக்கறதும் ஒண்ணுதான். பாத்ததாலதான் ஆபத்து வரலைன்னு மனசு முடிவு பண்ணிக்குது. அடுத்த தடவை இன்னும் பலமா பாக்கச் சொல்லும். பாக்காம இருந்து பயத்தோட உக்காந்தா, அது ஏறும், ஏறி தானா இறங்கும். இறங்கும்ங்கறத அவர் அனுபவத்துல பாக்கணும். வேற வழி இல்லை."

"அப்ப நான் சொன்னதெல்லாம் தப்பா?"

"பாசம்தான். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகல, அவ்வளவுதான். ஆனா ஒரேயடியா நிறுத்தாதீங்க. படிப்படியா."

வீட்டுக்கு வந்ததும் அவள் காதில் "நிறுத்து" மட்டும்தான் தங்கியிருந்தது. களைத்த மனிதருக்குப் படிப்படி என்பது கேட்காது. மறுநாள் காலை விளக்கைப் பிடுங்கினாள். "ஒரு தடவை பூட்டு, கிளம்பு. போன் எடுக்க மாட்டேன். டாக்டரே சொல்லிட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனையும் அணைத்துவிட்டாள். சாயங்காலம் திரும்பியபோது தம்பி வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தான். காலையில் போட்ட சட்டை, காலையில் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம், பிரிக்கவே இல்லை. கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒன்பது மணி நேரமாவா?"

"நீ போனை எடுக்கல. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்," என்றான்.

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். ஆறிப்போனதை இருவரும் பங்குபோட்டுத் தின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அதே மருத்துவமனையில் ஐந்தாவது மாடி லிஃப்ட்டில் புகார். கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மூடப் போகும், விரல் அகலம் இருக்கும்போது திறந்துகொள்ளும், மறுபடி மூடப் போகும். நடுவில் ஆள் நின்றால் கண்டுபிடிக்க ஒளிக்கதிர் ஒன்று குறுக்கே ஓடும். அதன் கண்ணில் தூசி. ஆளே இல்லாத இடத்தில் ஆள் இருக்கிறது என்று அது சத்தியம் செய்துகொண்டிருந்தது. வெளியே தூசித்துணியோடு நின்ற அவளுக்கு, நான்கு படி இறங்கி நான்கு படி ஏறுகிற தம்பி ஞாபகம் வந்தான்.

அப்போது அது நடந்தது. அவள் ஆயிரம் தடவை பார்த்ததுதான். கதவு சில தடவை திறந்து மூடியபின், லிஃப்ட் கண் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடும். பீப் பீப் என்று கத்திக்கொண்டே, வழக்கத்தில் பாதி வேகத்தில், குறைந்த விசையில், கதவு மெல்ல மூடும். நட்ஜிங் என்று சொல்வார்கள். உண்மையிலேயே நடுவில் யாராவது இருந்தால்கூட அடிபடாது. மெத்தென்று தட்டும், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், கத்தல் நிற்பதற்காகக் கதவு காத்திருப்பதில்லை. கத்தல் கத்திக்கொண்டிருக்கும்போதே மூடுகிறது. மூடி, லிஃப்ட் கிளம்பிய பிறகு கத்தல் தானாக நிற்கிறது.

விளக்கைப் பிடுங்கி, போனை அணைத்து அவள் செய்ததும் மூடல்தான். ஆனால் முழு விசையோடு அடித்துச் சாத்திய மூடல்.

"என்ன தாயே, கதவைக் காதலிக்கிறியா?" என்றான் கொக்கு.

"கொக்கு, நாளையிலேர்ந்து பத்து மணி டீ நேரத்துல மட்டும்தான் போன் எடுப்பேன். மத்த நேரம் போன் உன் பையில இருக்கும். குடுன்னு கேட்டாலும் குடுக்காத."

"என் கைக்கு நல்ல காலம்," என்றான் அவன்.

அன்று சாயங்காலம் அவள் தம்பியிடம் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: தூசி, கண், கத்தல், பாதி வேகம். இரண்டு உள்ளங்கைகளையும் கதவாக வைத்து மெல்ல மூடிக் காட்டினாள். அவன் நெடுநாள் கழித்துச் சிரித்தான். "நான் லிஃப்ட்டாக்கா?"

"லிஃப்ட்டுக்கு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டாப் போதும். நீ அதைவிடச் செலவு."

மருத்துவரோடு உட்கார்ந்து மூவரும் படிகள் போட்டார்கள். முதல் வாரம், பூட்டியபின் திறக்கக்கூடாது. கைப்பிடியை இழுத்துப் பார்க்கலாம், பத்து முறை வரை. அடுத்த வாரம் நான்கு. அப்புறம் ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. முதல் பத்து நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனோடு படியிறங்கினாள். தெருமுனை விளக்குக் கம்பம் வரை அவன் முகம் சுண்ணாம்பாக இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் வியர்வை வழியும். அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். முதல் நாள் பயம் அடங்க ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு வாரத்தில் முப்பத்தைந்து. ஒரு புதன்கிழமை காரணமே இல்லாமல் திரும்ப ஓடிப்போய்க் கதவை அறுபது தடவை பார்த்துவிட்டு வந்தான். அவள் திட்டவில்லை. வியாழக்கிழமை மறுபடி இறங்கினார்கள். கடைக்காரரிடம் மருத்துவரின் கடிதத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் படித்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் தருகிறேன் என்றார்.

இடையில் ஒரு சாயங்காலம் அவள் சட்டத்துத் திருகைக் கழற்றி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, நீ அதை இன்னைக்கு எத்தனாவது தடவை பாக்கற?"

அவள் யோசித்தாள். மூன்றாவது. சின்னத் திருப்புளியை எடுத்து எண்ணியை மொத்தமாகக் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

இப்போது வேலை செய்வது இதுதான். அவன் ஒரு தடவை பூட்டுகிறான். இழுத்துப் பார்ப்பதில்லை, திரும்பி ஏறுவதில்லை. உள்ளே கத்துகிறது, கத்தவிட்டு, மெல்லப் படியிறங்குகிறான். பத்து மணிக்கு அவன் கூப்பிட்டு, "அக்கா, பூட்டினேனா?" என்று கேட்டால், அவள் பூட்டினாய் என்றும் சொல்வதில்லை, பூட்டவில்லை என்றும் சொல்வதில்லை. "அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்டா. கஷ்டமா இருக்குன்னு தெரியும். கத்தட்டும், நான் லைன்லதான் இருக்கேன்," என்கிறாள். டீ ஆறுகிறது. சில நாள் இருபது நிமிடம், சில நாள் எட்டு. பயம் தானாக இறங்குகிறது. அவன் ஒன்பதரைக்குக் கடையில் இருக்கிறான்.